நூற்று முப்பத்திரண்டு பற்கள்

ஏழாவது தடவையும் நிலா கண்ணிலிருந்து நழுவிப் போனது.

"போச்சு," என்றார் அவர்.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான். தொலைநோக்கிக்குள் பகல் நிலாவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அது ஓரமாகத் தாவி மறைகிற நொடியில் குரல் கொடுக்கவேண்டும். மனைவி கடிகாரத்தைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள்.

தொலைநோக்கி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குழாய் பளபளவென்று இருந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது. அதைத் தாங்கிப் பிடிக்கும் மோட்டார் ஸ்டாண்டுதான் மக்கர் பண்ணியது. நிலா நகர நகர அதுவும் கூடவே திரும்பவேண்டும். ஐந்தாறு நிமிஷம் சமர்த்தாகத் திரும்பும். பிறகு ஒரு குலுக்குக் குலுக்கி நிலாவைக் கைவிட்டுவிடும்.

ஆறு மாதமாக எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே பொருள் இது. அவரே இன்றைக்கு இரண்டு முறை, திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லியாகிவிட்டது. அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நிலா இன்னும் முக்கால் மணி நேரத்தில் ஜன்னலின் மேல்சட்டத்தைத் தாண்டிவிடும். அதற்குள் சரியாகவில்லை என்றால் மூன்றாவது முறை சொல்லிவிட்டு, இனி எதையுமே கேட்பதில்லை என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தார்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். சத்தத்தை வைத்தே வண்டியின் கோளாறைச் சொல்லிவிடுவார் என்று டிப்போவில் பெயர். இதற்கு முதலில் பாட்டரி என்றார். அடுத்து வயர் என்றார். கடைசியில் மோட்டாரே அவுட் என்று அடித்துச் சொன்னார். மூன்றும் புஸ்வாணம்.

அவள் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். மோட்டார்மேல் பழி இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைச் சக்கரம். கண்ணை மூடிக்கொண்டு அதை விரலால் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

ஓர் இடத்தில் விரல் நின்றது. பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றது.

அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக இந்த விரல்களோடு குடித்தனம் நடத்துகிறார். அவை வேலை செய்வதை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்ததில்லை என்று இப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, கர்வமாகவும் இருந்தது.

பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிசுக்கைத் தேய்த்து எடுத்தாள். ஊசியின் காதைப் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பற்களை எண்ணினாள். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு. அதில் பன்னிரண்டு மட்டும், பக்கத்துப் பக்கத்தில், மழுங்கித் தேய்ந்திருந்தன. மற்றவையெல்லாம் நேற்று வெட்டியதுபோல் இருந்தன.

சக்கரம் ஒரு முழுச் சுற்று வர ஒரு நாள். ஒரு பல் நகரப் பத்து நிமிஷம். பன்னிரண்டு பல்லுக்கு இரண்டு மணி நேரம். நிலா இவர்கள் ஜன்னலின் கீழ்ச்சட்டத்திலிருந்து மேல்சட்டத்துக்குப் போகவும் அதே இரண்டு மணி நேரம்தான்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "இதை வச்சிருந்தவரும் ஒரே ஒரு ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்காரு."

அவருடைய பார்வை குழாயின் பக்கவாட்டுத் திருகுக்குப் போனது. அதில் பழைய சொந்தக்காரர் ஒரு மரக்கரண்டியின் காம்பைக் கட்டி வைத்திருந்தார். பெட்டியைப் பிரித்த அன்று இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கழற்றப் போனவளை அவர்தான் தடுத்தார், அது அவர் கைக்கு வாகாக இருந்தது.

எதனால் வாகாக இருந்தது என்று இப்போது புரிந்தது. அந்தக் காம்பு, படுத்துக்கொண்டிருக்கிறவன் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வந்து முடிந்தது.



பிறகு அவள் மூன்று திருகுகளைத் தளர்த்தி, சக்கரத்தை அரைவட்டம் திருப்பிப் புதுப் பற்களை முன்னால் கொண்டுவந்து இறுக்கினாள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள். மோட்டாரை மாட்டினாள். கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றி அவர் தலைப்பக்கத்தை இரண்டு சுற்று உயர்த்தினாள். அவருக்கு உணர்வில்லாத கால்கள்மேல் விலகியிருந்த போர்வையை, வழியில் போகிற வேலைபோல, இழுத்துவிட்டாள்.

"பத்து வருஷம் ஒரே ஆள் கையில இருந்துச்சுன்னு கடைக்காரர் சொன்னாரு," என்றாள். "பத்து வருஷத்துல பன்னெண்டு பல்லுதான் தேஞ்சிருக்கு. இன்னும் நூத்தி முப்பத்திரண்டு இருக்கு. எல்லாத்தையும் தேச்சு முடிச்சிட்டு, அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க."

அவருக்குக் கணக்கு வரும். நூற்றுப் பத்து வருஷம். தனக்கு அவர் போட்டு வைத்திருந்த கணக்கு இந்தக் கோடை முடியும்வரைதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம் சொல்லவேண்டியதே இருக்கவில்லை போலிருக்கிறது.

கண்ணை வைத்தார். நிலா நடுவில் இருந்தது. ஐந்து நிமிஷம். ஆறு. ஏழு. சாக்பீஸைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள்.

பத்தாவது நிமிஷமும் நிலா நடுவிலேயே இருந்தது.

"ஒண்ணு," என்றார் அவர்.