புத்தூர் வரைக்கும்

பெட்ரோல் விலை மறுபடியும் ஏறிய வாரம், ஸ்ரீரங்கத்தில் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பிரேமலதா, லூர்துராணியின் வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், என் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகலை. நாளையிலேர்ந்து உங்க வண்டியில புத்தூர் வரைக்கும் வந்துக்கட்டுமா?"

லூர்துராணிக்குச் சுருக்கென்றது. தன் வீட்டில் மட்டும் கட்டுப்படியாகிறதா? புருஷன் பைக்கை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் போகிறார். மகள் டியூஷனுக்கு நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கறி, மாதத்துக்கு இரண்டு தடவை என்றாகிவிட்டது.

அவளும் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டு இரண்டு மாதமாகிறது. கேட்டவர்களிடமெல்லாம் பெட்ரோல் விலையைத்தான் காரணம் சொன்னாள்.

உண்மை வேறு. காவிரிப் பாலத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனதில் கீழே விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்தாலே கை நடுங்கியது.

ஆற்றுக்கு அக்கரையில், புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. பஸ்ஸில் இப்போது ஏறவே முடியாத கூட்டம். இரண்டு தடவை லேட். இன்னொரு தடவை லேட்டானால் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பயம் என்று சொல்ல வெட்கம். சரி, வாங்க என்றாள்.

முதல் நாள் பாலம் ஏறும்போதே கை நடுங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த பிரேமலதா தக்காளி விலை, சிலிண்டர் விலை, ஸ்கூல் வேன்காரர் ஏற்றிய கட்டணம் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பாலம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிரேமலதா இறங்கிக்கொண்டாள். தான் பில் போடும் கடை பக்கத்தில்தான் என்றாள்.

ஒரு மாதம் இப்படியே போனது. பெட்ரோலுக்கு என்று ஒரு நாளும் பத்து ரூபாய் நீட்டவில்லை. நல்லாப் பிழைக்கத் தெரிஞ்சவ என்று லூர்துராணி புருஷனிடம் புலம்பாத நாளில்லை.

ஒரு திங்கட்கிழமை, தனக்கு லீவு என்று சொல்லிவிட்டாள் பிரேமலதா. லூர்துராணி தனியாகக் கிளம்பினாள். பாலத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. நிதானமாக வழிவிட்டாள். பாலம் முடிந்ததும் சிந்தாமணி ஸ்டாப்பில் அது ஆள் இறக்க நின்றபோது அதைத் தாண்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தியபோது டூட்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கை நடுங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டாண்டில் தனியாக நின்று சிரித்தாள்.

சாயங்காலம் அதே சந்தோஷத்தில், மகளுக்குப் பல நாளாகத் தள்ளிப்போட்ட சுடிதாரை எடுக்க, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாள்.

பில் போடும் இடத்தில் பிரேமலதா உட்கார்ந்திருந்தாள்.

"லீவுன்னீங்களே? உங்க கடை புத்தூர்ல இல்லையா?"

பிரேமலதா எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"கடை இதுதான் சிஸ்டர். ஒன்பதரைக்குத்தான் திறப்பாங்க. தினம் காலையில நீங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணுவீங்க, அப்புறம் ஆஃப் பண்ணிட்டு பஸ்ஸுக்கு நடப்பீங்க. மாடியிலேர்ந்து பாத்தேன், பயம்னு புரிஞ்சுது. அதான், உங்களைக் கொண்டுபோய் புத்தூர்ல விட்டுட்டு, பஸ் புடிச்சு இங்க வந்துடுவேன். இனி நீங்க தனியாவே ஓட்டிடுவீங்கன்னு தோணுச்சு, இன்னைக்கு லீவுன்னு சொல்லிட்டேன்."