கையை இறக்கும்வரை

கடைசிச் சுரம் ஓய்ந்துவிட்டதா இல்லையா என்று தௌனோவுக்குத் தெரியவில்லை. பின்லாந்தில் பிறந்து, தேசம் தேசமாகப் போய் இசைக்குழுக்களை முன்னால் நின்று கையசைத்து நடத்திவந்தவர். அன்றைக்கு மேடையேறிய சற்று நேரத்தில் இரண்டு காதுகளும் அடைத்துப்போயின. வயலின் வில்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே முக்கால் கச்சேரியை ஓட்டிவிட்டார்.

இப்போது வில்கள் நின்றிருந்தன. ஆனால் கோடியில் செல்லோ வாசிப்பவரின் விரல் கம்பிமேல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தூக்கிய கையைத் தௌனோ இறக்கினால்தான் சபை கைதட்டும். நாதம் அடங்குமுன் இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தோள் கடுத்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

எத்தனையோ மேடைகளில் அவரோடு வாசித்த முதல் வயலின்காரி மார்கிட், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"முடிஞ்சுபோச்சு. இறக்குங்க."

இறக்கினார். ஜனங்கள் எழுந்து நின்று கைகளை அடித்துக்கொண்டார்கள். ஒரு சத்தமும் அவரை எட்டவில்லை. வழக்கப்படி மார்கிட்டுக்குக் கைகொடுத்தார்.

"எப்பலேர்ந்து இப்படி?" என்றன அவள் உதடுகள்.

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் களைப்பு" என்று முணுமுணுத்தார். முணுமுணுக்கவில்லை, கத்தியிருக்கிறார் என்பது, வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பியபோதுதான் தெரிந்தது. மார்கிட் அவர் கையை விடவில்லை.