வக்கீலம்மாவுக்கு வந்த ஃபைல்

“கொஞ்சம் பொறு வக்கீலம்மா, நான் திறக்காத ஃபைல் இந்த ஊர்லயே கிடையாது” என்றார் அத்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

அச்சகம் நடத்துகிறவர். அந்தத் தலைக்கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

அவருடைய மச்சினி நிஜமாகவே வக்கீல். கோர்ட்டில் எதிர்த்தரப்பைத் திக்குமுக்காட வைக்கிறவள், அன்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பின்னே, விஷயம் அப்படி. போன வாரம், வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்தக் கப்பல் இன்ஜினியரிடம் இவளே கேட்டுவிட்டாள், கல்யாணம் பண்ணிக்கலாமா என்று. எழுதி அனுப்புகிறேன் என்றவனிடமிருந்து மதியம்தான் மெயில் வந்தது. பதில் இணைப்பில் இருக்கிறது, படித்துவிட்டு முடிவெடு, ஐந்திலிருந்து ஐந்தரை வரை துறைமுக கேட்டில் நிற்பேன். அவ்வளவுதான். கப்பல் ஏறினால் திரும்பி வர எட்டு மாதம்.

இணைப்பைத் திறக்க முடியவில்லை என்று அவள் போன் சொல்லிவிட்டது. அவனைக் கூப்பிட்டால், இன்ஜின் ரூமில் சிக்னல் ஏது? அக்காவையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடிவந்துவிட்டாள். நேரே துறைமுகத்துக்கே போய்விடேன் என்றார் அப்பா. படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டாளாம்.

அத்தான் ஃபைலைத் தட்டினார்.

“என்னக்கா தெரியுது?”

“எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குடி. கமா, அடைப்புக்குறி, நம்பர். ஒரு வார்த்தைகூட உருப்படியா இல்ல.”

வைரஸாக இருக்கும் என்றார் அத்தான். பிறகு, இல்லை, இது படம் என்றார். படமாக மாற்றினால் கறுப்புக் கட்டம் வந்தது. பாட்டு என்றார். பாட்டாக மாற்றினால் ஸ்பீக்கர் குறட்டை விட்டது. நெட்டில் தேடினால் ஃபைல் பேரின் கடைசி மூன்றெழுத்துக்கு நாலு சாஃப்ட்வேர் சொந்தம் கொண்டாடின. நாலையும் இறக்கிப் பார்த்தார். கடைசியில் ஒன்று வெற்றி வெற்றி என்று பன்னிரண்டு பக்க பிடிஎஃப் போட்டுக் கொடுத்தது. பன்னிரண்டு பக்கமும் அதே எறும்பு.

மணி நாலே முக்கால். இல்லை என்று நேரில் சொல்லத் தைரியம் இல்லாதவன்தான் இப்படிச் சுற்றி வளைப்பான் என்று அப்பா முனகினார். வாயை மூடுங்கப்பா என்று அக்கா அதட்டினாள். இவளோ மறுபடி நகத்தைக் கடித்தாள். எட்டு மாதம் இதை எப்படித் தாங்குவது?

“அத்தான், அந்த ஃபைல் பேர் என்ன எழுத்துல முடியுது?”

உனக்கு அதெல்லாம் புரியாது, சும்மா இரு என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அவருக்கு இப்போது மானப்பிரச்சினை.

அவள் குரல் கோர்ட்டுக் குரலாக மாறியது. “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

“பி, ஆர், எஃப்” என்றார் அத்தான், கூண்டில் நிற்கிறவர் போல.

அவள் அந்த மூன்றெழுத்தையும் ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். மாற்றவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், அப்படியே பென் டிரைவில் போட்டுத் தாருங்கள் என்று கையை நீட்டினாள். கைப்பையிலிருந்து பட்டையாக ஒரு கருவியை எடுத்து, பென் டிரைவை அதில் செருகி, மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

அக்கா பதறினாள். “என்னடி எழுதியிருக்கான்?”

“வண்டிய எடுங்க அத்தான், துறைமுகத்துக்கு.”

பிறவியிலேயே பார்வையில்லாத அந்த வக்கீலின் விரல்கள், அந்த பிஆர்எஃப் ஃபைல் கருவியில் எழுப்பிய பிரெய்ல் புள்ளிகளை மறுபடி ஒருமுறை ஆசையாகத் தடவின: ‘உனக்கு வர்ற கடிதத்தை இனி யாரும் படிச்சுக் காட்ட வேண்டாம். மூணு மாசமா பிரெய்ல் கத்துக்கிட்டேன், உன்னை நானே கேக்கணும்னு. நீ முந்திக்கிட்ட.’