இரண்டு புள்ளி ஒன்பது

"இன்னும் எத்தனை தடவ மேடம் அந்தக் கம்பிய முக்கி முக்கி எடுப்பீங்க?"

கேன் தண்ணீர் விற்கும் ராசாங்கம் நான்காவது முறையாகக் கேட்டார். பெரம்பலூர் ஆய்வகத்திலிருந்து தண்ணீர் சோதிக்க வந்திருந்த வினோதினி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சார், இதோட முனையில ஒரு படிகம் இருக்கு. தண்ணியில ஆயிரம் உப்பு இருந்தாலும் ஃபுளோரைடுக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். எவ்வளவு இருக்கோ அதுக்குத் தக்கபடி மில்லிவோல்ட் மாறும். முதல்ல அளவு தெரிஞ்ச தண்ணியில முக்கிப் பழக்கணும். இல்லன்னா நம்பர் பொய் சொல்லும்."

ராசாங்கம் சட்டைப் பையிலிருந்து தண்ணீரின் உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை உருவினார். "இது ஒரு நொடியில சொல்லிடும்."

"அது எல்லா உப்பையும் மொத்தமாத்தான் சார் காட்டும். எது எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊர்க்காரர்களிலிருந்து நல்லுசாமி குரல் கொடுத்தார். "ஏம்ப்பா, உன் கேன் விக்கணும்னா எங்க போர் தண்ணிய வெஷம்னு சொல்லுவியா?"

"புள்ளைங்க பல்லெல்லாம் மஞ்சளாவுதே, கண்ணு தெரியலயாண்ணே?"

"உன் கேன் தண்ணி குடிக்கிற என் பேத்திக்கும்தான் மஞ்சளா இருக்கு."

"அய்யோ! இந்த மனுசனுக்கு யாராச்சும் புரிய வைங்களேன்!"

பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஊர் போர் குழாயை மூடுவதாகப் பஞ்சாயத்தில் பேச்சு. மூடினால் ஊர் முழுக்க ராசாங்கத்தின் வாட்டர் கம்பெனி கேன்தான். அதனால்தான் சோதனைக்கு மனு கொடுத்ததும் அவர். மேசையைத் தன் வாசலில் போட்டதும் அவர். "வெயில்ல நீங்க ஏன் மேடம் அலையணும்? ஊர் போர் தண்ணி எங்க வூட்டுக் குழாயிலயே வருது" என்று சாம்பிள் பாட்டிலைப் பிடுங்கி, மனைவி கமலவேணியிடம் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதும் அவரே.

வினோதினி அந்தத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, எலெக்ட்ரோடு கம்பியை இறக்கினாள். எண் ஏறி, தயங்கி, நின்றது.

2.9.

"மீட்டர் கெட்டுப்போயிருக்கும்" என்றார் நல்லுசாமி.

வினோதினி பெருமூச்சு விட்டாள். அளவு தெரிந்த தண்ணீரில் முக்கிக் காட்டினாள். சரியாக இருந்தது. எலெக்ட்ரோடைக் கழுவித் துடைத்து மறுபடி சாம்பிளில் இறக்கினாள். மறுபடியும் 2.9.

"பாத்துக்கங்க! இத மனுசன் குடிப்பானா? மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேன்! எழுதுங்க மேடம், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்!"

'குடிக்கத் தகுதியற்றது' என்ற வரிக்குக் கீழே ராசாங்கம் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.

மோர் டம்ளரோடு வெளியே வந்த கமலவேணி, கணவரின் கூச்சலைக் கேட்டு அப்படியே நின்றாள்.

"எதைங்க மாட்டுக்குக்கூட வைக்க மாட்டேங்கிறீங்க? ஆபீசர் அம்மாவுக்குப் போய் போர் தண்ணியவா குடுக்குறதுன்னு, நம்ம கம்பெனி கேனப் புதுசா ஒடச்சுல்ல ஊத்திக் குடுத்தேன்!"