ஹாசிமுக்காக நின்ற பஸ்

முதலில் அநியாயம் செய்தவன் ஹாசிம்தான்.

ஹயாத்து முகம்மதுவின் கூடப் பிறந்த தங்கச்சி அஸ்ரியாவின் புருசன். மகளுக்குக் கலியாணம் வைத்தான். பெண்ணின் சொந்த மாமாவை வாசலுக்கு வந்து கூப்பிடவில்லை. மாமாவின் மனைவி ஹிதாயாவின் போனுக்கு ஒரு கார்டை அனுப்பிவிட்டு இருந்துகொண்டான். அன்றோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சு நின்றது. மூன்று வருசமாக நின்றேதான் இருக்கிறது.

அப்படிப்பட்டவன் இந்தப் பயணத்துக்கும் வந்து, நேர் முன் சீட்டில் மனைவியோடு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

புத்தளம் தில்லையடியில் இருந்து சுபஹுத் தொழுகைக்கு முன்பே பஸ் புறப்பட்டது. முதலில் சிங்கராஜக் காடு, பின்னேரம் நீர்வீழ்ச்சி. வழிகாட்டி நிலுக்சன், சிலாபத்து ஆள்.

ஹயாத்து முகம்மதுவுக்குக் காடும் வேண்டாம், குரங்கும் வேண்டாம். நீர்வீழ்ச்சி ஒன்று போதும். ஆயுள் முழுக்க உப்பளத்தில் வெந்தவர். வீட்டுக் கிணறும் உவர். குடிக்கிற தண்ணியைக் கேனில் வாங்குகிற வாழ்க்கை. நல்ல தண்ணி மலையில் இருந்து சும்மா கொட்டுகிறதாமே, அதற்குக் கீழே ஒரு தரமாவது தலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

மதுரங்குளி தாண்டியது. ஹாசிமின் பிடரியைப் பார்த்து ஹயாத்து முகம்மது ஒரு செருமல் செருமினார்.

ஹாசிம் எழும்பினான். "டிரைவர் தம்பி, கொஞ்சம் ஓரமாக்குங்க. அவசரம்."

பஸ் நின்றது. ஹாசிம் ரோட்டோரப் பற்றைச் செடிப் பக்கம் போனான். பஸ் நின்றதே என்று ஹயாத்து முகம்மதுவும் இறங்கிப் போய்விட்டு வந்தார்.

மாதம்பையில் மறுபடியும் ஹாசிமுக்கு அவசரம். நீர்கொழும்புக்கு முன்னால் ஒரு தரம். அவிசாவளையில் ஒரு தரம், ஏறி உட்கார்ந்த சூடு ஆறுமுன் இன்னொரு தரம். நின்ற இடத்திலெல்லாம் ஹயாத்து முகம்மதுவும் இறங்கி ஏறினார்.

"இது மனுசனா, உடைஞ்ச பைப்பா?" என்றான் பின்சீட்டு அர்கம்.

பஸ்ஸே சிரித்தது. ஹயாத்து முகம்மது எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

காட்டுக்குள் போனபோது வெயில் ஏறிவிட்டது.

"நீல உடம்பு, சிவப்புச் சொண்டு. நம்ம நாட்டுல மட்டும்தான் இருக்கிற பறவை," என்றான் நிலுக்சன். "வேளையோட வந்திருந்தாக் கூட்டமாப் பார்த்திருக்கலாம். இப்ப உள்ளுக்குப் போயிருக்கும்."

பார்க்கக் கிடைத்தது ஒரு குரங்கின் வாலும், அவரவர் காலில் ஏறிய அட்டையும்தான். எல்லாரும் ஹாசிமை முறைத்தார்கள்.

அதையாவது பொறுக்கலாம். பஸ்ஸில் ஏறியதும் நிலுக்சன் அடுத்ததைச் சொன்னான். "நீர்வீழ்ச்சிக்குப் போக நேரமில்ல. கேட் மூடிருவாங்க. பாலத்துல நிப்பாட்டுறேன், அங்க இருந்து பாருங்க."

பாலத்தில் இருந்து பார்த்தால், தூரத்து மலை இடுக்கில் ஒரு வெள்ளை நூல். அவ்வளவுதான்.

பஸ் கிளம்பியது. ஹயாத்து முகம்மது எழும்பி நின்றார். ஹாசிமோடு பேசுவதில்லை என்பதால் பஸ்ஸுக்குச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. ஒரு ஆள்ட மூத்திரத்தால இத்தனை பேர்ட பயணம் நாசமாப் போச்சு. வெக்கம் இருந்தா வீட்டுல கிடந்திருக்கணும். இனிப் புத்தளம் போய்ச் சேரும் வரைக்கும் அந்த ஆளுக்காக பஸ் நிக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்றது பஸ்.

அஸ்ரியா திரும்பி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "காக்கா," என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள்.

இரத்தினபுரி தாண்டியதும் ஹயாத்து முகம்மதுவுக்கு அடிவயிறு முட்டத் தொடங்கியது. காட்டு வாசலில் ஆத்திரத்தோடு குடித்த இரண்டு பிளேன்டியும் வேலையைக் காட்டின. அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதும், அதனால் அடிக்கடி போக வேண்டியிருப்பதும் வீட்டில் நின்றுவிட்ட ஹிதாயாவுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை பேருக்கு முன்னால் எழும்பிக் கேட்பதை விட இந்தச் சீட்டிலேயே மௌத்தாகிவிடலாம்.

காலை மடக்கினார். நீட்டினார். செருமினார். இந்தப் பாவி காலையில் இருந்து தொட்டதுக்கெல்லாம் எழும்பினானே, இப்போது மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறானே. மறுபடியும் செருமினார். இன்னொரு தரமும்.

ஹாசிம் மெல்ல எழும்பினான். "தம்பி, கோவிக்காம ஒருக்கா நிப்பாட்டுங்க."

பஸ் ஊளையிட்டது. "பைப் மறுபடியும் உடைஞ்சிட்டு," என்றான் அர்கம். டிரைவர் முணுமுணுத்தபடி பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்றதே என்று இறங்கிய ஹயாத்து முகம்மது, இறப்பர் மரங்களுக்குள் ஓடினார் என்றே சொல்ல வேண்டும்.

திரும்பி பஸ்ஸின் பின்பக்கமாக வந்தபோது, ஜன்னலுக்குக் கீழே நின்ற ஹாசிமிடம் தங்கச்சி பேசுவது கேட்டது.

"ஏன் இவ்வளவு சுணங்கினீங்க? காக்கா மூணு தரம் செருமிட்டார். ஹிதாயா மச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னா, அவர் செத்தாலும் வாய் திறந்து கேக்க மாட்டார் எண்டு."

"அவ்வளவு ஏசின பொறகு எழும்ப வெக்கமா இருந்திச்சு."

"இறங்கினதுக்கு நீங்களும் போயிட்டு வாங்களேன்."

"எனக்கு எங்க வருது. காலையில இருந்து மரத்தப் பார்த்துட்டு நிக்கிறதுதான் வேலை. இன்டைக்கு மரம் செடிய வடிவாப் பார்த்த ஒரே ஆள் நான்தான்."

ஹயாத்து முகம்மது, ஹாசிம் ஏறும் வரை பின்பக்கமே நின்றார். பிறகு பஸ்ஸில் ஏறினார்.

"இனி அந்த ஆள் கேட்டா நிப்பாட்ட மாட்டேன்," என்றார் டிரைவர்.

"அவருக்கு இல்ல தம்பி, எனக்குத்தான் நிப்பாட்டினது. காலையில இருந்து எல்லாமே எனக்குத்தான்."

அர்கம் வெளியே பார்த்தான். ஹயாத்து முகம்மது தன் சீட்டில் உட்கார்ந்து, முன்னால் இருந்த பிடரியை முறைத்தார்.

"நீ என்னதான் செஞ்சாலும், கலியாணத்துக்கு வந்து சொல்லல்ல."

மூன்று வருசத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. ஹாசிம் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"அது என்ட பிழைதான், மச்சான். நான்..."

"பஸ்ஸில வெச்சுச் சொன்னாச் செல்லாது," என்றார் ஹயாத்து முகம்மது. "வாசலுக்கு வந்து சொல்லணும்."