சாப்பாட்டு மேஜை லாரி

“ஏறி உக்காந்ததும் சாவியத் திருப்பினா எப்படிங்க? முதல்ல வண்டியச் சுத்திப் பாக்கணும்னு—”

“பாத்தேனே! இப்பத்தானே ஒரு சுத்து—”

“சுத்தினீங்க, காத்து வாங்கப் போற மாதிரி! குனிஞ்சீங்களா? டயரத் தொட்டுப் பாத்தீங்களா?”

“தொடறதுக்கு அது என்ன டயரா? நாற்காலி!”

நாற்காலிதான். கூடத்தில் கிடந்த சாப்பாட்டு மேஜைதான் லாரி. நாலு மூலைக்கு நாலு நாற்காலி, நாலு சக்கரம். முன்னால் ஒரு முக்காலி. அதில் கணவர், பெரிய சட்டியின் மூடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. எதிரே மனைவி, மூக்கு நுனியில் கண்ணாடியும் அட்டையில் செருகிய மதிப்பெண் தாளுமாக.

நாளை காலை எட்டு மணிக்குத் தேர்வு. லாரி ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தின் பின்பக்க மைதானத்தில், நிஜ லாரியில். இதுதான் கடைசி வாய்ப்பு. இதுவும் கைநழுவினால் வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் அந்த ஆசையை மூட்டை கட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான். அந்த நினைப்பிலேயே அவளுக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“இறங்குங்க. மறுபடி முதல்லேருந்து.”

“இதோட அஞ்சு முதல்லேருந்து ஆச்சு.”

“அம்பது ஆகட்டும். இறங்குங்க.”

அவர் இறங்கினார். சக்கரத்துக்குச் சக்கரம் நின்று, பெயர் கூப்பிடும் வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டே போனார். “டயர் சரி. நட்டு சரி. கீழ எண்ணெய் ஒழுகல.”

“நின்னுக்கிட்டே சொன்னா? உங்களுக்குக் கண்ணு என்ன முழங்கால்லயா இருக்கு?”

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. “அம்மா, லாரி எப்பம்மா கிளம்பும்? எனக்குப் பசிக்குது!”

“உங்கப்பாவக் கேளு. இவர் போற வேகத்துக்கு நீ நாளைக்குத்தான் சாப்பிடுவ.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே முக்காலியில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைச் சரி செய்வதுபோல் காற்றில் கையை அசைத்தார். சாவியைத் திருப்பி, வாயாலேயே ‘டுர்ர்ர்’ என்றார். இடது கை தன்பாட்டில் இறங்கி, இல்லாத கியரைப் பிடித்தது.

“வண்டி கிளம்பிடுச்சு.”

“நிறுத்துங்க!” பேனா அட்டையில் ‘டக்’கென்று விழுந்தது. “ஏர் ஏறிச்சா? மீட்டரப் பாத்தீங்களா? இவ்வளவு பெரிய வண்டிக்குக் காத்துலதான் பிரேக்கு. காத்து நிறையறதுக்குள்ள எடுத்தா, மிதிச்ச இடத்துல நிக்குமா? எவன் வீட்டுச் சுவத்துலயாவது போய்த்தான் நிக்கும்!”

“அவசரத்துல மறந்துட்டேன்.”

“அந்தப் பேச்சே கிடையாது. பிரேக்கப் பாக்காம நகத்தினா, மத்ததெல்லாம் ஒழுங்கா இருந்தாலும் ஃபெயில். தாள்லயே பெரிய எழுத்துல போட்டிருக்கு.”

அவர் சட்டி மூடியை மெதுவாக மடியில் வைத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

“மேடம்…”

“என்னது இது?”

“மேடம், எனக்கு இது மூணாவது தடவை. வீட்ல வாயும் வயிறுமா ஒருத்தி இருக்கா மேடம்.”

“யாருங்க அவ, எனக்குத் தெரியாம?” அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் சிரிக்கவில்லை. “பிரேக் ஒண்ணுதான் மேடம் மறந்துட்டேன். இனிமே ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். இந்த லைசென்ஸ் இல்லேன்னா வேலை இல்ல. வேலை இல்லேன்னா…” மூக்கை உறிஞ்சினார். “எங்கப்பா வாசல்லயே உக்காந்திருப்பாரு. போனதும் என் மூஞ்சியத்தான் பாப்பாரு. அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன் மேடம்?”

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. சவரம் செய்யாத தாடை, கண்ணுக்குக் கீழே கருவளையம், கூப்பிய விரல்களில் லேசான நடுக்கம். பார்க்க முடியவில்லை. ஒரு துண்டுத் தாளுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு குறுகிப்போக வேண்டுமா?

“அப்படிப் பாக்காதீங்க. எனக்கு என்னவோ பண்ணுது.”

“மேடம்…”

“போதும், கையக் கீழ போடுங்க.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனா தாளின் கடைசிக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. பிறகு மளமளவென்று எழுதிக் கையெழுத்தும் போட்டு நீட்டினாள். “இந்தாங்க. பாஸ். ஆனா இனிமே ஏர் பாத்துட்டுத்தான் எடுக்கணும், சொல்லிட்டேன்.”

அவர் தாளை வாங்கினார். விரல் நடுக்கம் அந்தக் கணமே நின்றுவிட்டது. மேலிருந்து கீழ்வரை படித்தார். பெருமூச்சு விட்டபடி முக்காலியை விட்டு எழுந்தார்.

“ஏண்டி, இருபத்திரண்டு வருஷமா லாரி ஓட்டறவன் நான், உனக்காக வேணும்னே இத்தனை தப்பு பண்ணி அழுதும் காட்டினா, ரெண்டு நிமிஷத்துல பாஸ் போட்டுட்டியே… உன்னத் தேர்வு அதிகாரியா எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண நாளைக்கு அத்தனை பேர் நிக்கப் போறாங்களே, அவங்க பாக்கப் போறது வண்டி ஓட்டறவனையா, இல்ல அவனுக்கு மார்க் போடற உன்னையா?”