எட்டு ஜாக்கெட்

எட்டுப் பேர் சேர்ந்தால்தான் திமிங்கிலம் பார்க்கப் படகு எடுப்பேன் என்று படகோட்டி சொல்லிவிட்டார். நான் ஒருத்தி. முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கவே கூசுகிறவள், அன்று விடுதியில் கதவு கதவாகத் தட்டினேன். ஒரு புதுமணத் தம்பதி ஒத்துக்கொண்டார்கள். சுற்றுலா வந்த மூன்று ஆசிரியர்கள், "கட்டாயம் காட்டுவியோ பிள்ளை?" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள். கடைசியாக ஒரு கணவனும் மனைவியும்.

விடிந்ததும் கரைக்குப் போய், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தேன். எல்லோரும் வந்தார்கள். அந்தக் கணவனுக்குப் பின்னால் அவருடைய மாமியாரும் வந்தார்.

"ஒராள் கூடிப்போச்சே," என்ற படகோட்டி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீங்க தனியத்தானே. நாளைக்கு வாங்கோவன்."

நாளை நான் ஊர் திரும்ப வேண்டும். விலங்கியலில் பட்டம் வாங்கியும் திமிங்கிலத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நான் கூட்டி வந்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"திமிங்கிலம் எங்க ஓடப்போகுது பிள்ளை?" என்றார் ஆசிரியர்களில் ஒருவர்.

ஓடத்தான் போகிறது. அவை இந்தக் கடலைக் கடக்கும் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது.

"ஜாக்கெட்டைக் கழட்டித் தாங்கோ," என்று படகோட்டி கையை நீட்டினார். "எட்டுத்தான் இருக்கு. அது இல்லாம ஒருத்தரையும் ஏத்தேலாது."

மாமியார் செருப்பைக் கையில் பிடித்தபடி ஈர மணலில் காத்திருந்தார். நான் நெஞ்சில் தொங்கிய வாரைப் பிடித்து, மூச்சு முட்டும்வரை இறுக்கினேன்.